நேர்விலையும் அரைக்கூலியும்: தமிழ்ப் புனைகதையில் பெண் உழைப்பின் கணக்கு

அகநானூற்றின் 140-ஆம் பாடலில் அம்மூவனார் காட்டும் உமணர் மகள் உப்பு விற்கச் சேரிக்குள் வருகிறாள். நெல்லும் உப்பும் அளவில் ஒன்றுக்கு ஒன்று நிகர் என்று விலை கூவுகிறாள். குரலின் வேறுபாட்டை அறிந்த வீட்டு நாய் குரைக்கிறது, அவள் வெருவுகிறாள். வெருவிய அக்கண்களைக் கண்ட தலைவன், அவற்றால் தான் உற்ற நோயைப் பாங்கனிடம் எடுத்துரைக்கிறான். நெய்தல் திணையின் நயம் மிக்க பாடல்களுள் ஒன்றாக இது வகுப்பறைகளில் பயிற்றப்பெறுகிறது. கண்ணுக்குச் சொல்லப்பட்ட உவமை விளக்கப்படுகிறது. உப்பு வண்டிகளின் வழியும் விளக்கப்படுகிறது. ஆனால் பாடலுக்குள் நிற்பவள் வேலையில் இருக்கும் ஒரு பெண் என்பதும், சரக்கின் விலையைத் தன் வாயால் சொல்பவள் அவளே என்பதும், நாய்க்கு அவள் அஞ்சியது தொழிலிடத்து அச்சம் என்பதும் பெரும்பாலும் விளக்கத்துக்கு வெளியே நின்றுவிடுகின்றன. அதே புலவரின் 390-ஆம் பாடலிலும் அதே நேர்விலை கூவப்படுகிறது. அங்கும் தலைவன் காதில் விழுவது விலையன்று, குரல்தான்.

பாடலின் அகப்பொருள் அவ்வாறு கேட்கச் சொல்கிறது என்று விடை கூறலாம். அது சரியான விடையே. எனினும், இருபதாம் நூற்றாண்டுப் புனைகதைகளில் உழைக்கும் பெண்களைப் பற்றி எழுந்த திறனாய்வும் இதே செவியோடுதான் வாசித்திருக்கிறது என்பது சிந்திக்கத்தக்கது. பெண் பாத்திரத்தின் துயரம், அவள்மீது விழும் பார்வை, அவளுடைய கற்பு, அவளுடைய எழுச்சி ஆகியவை விரிவாகப் பேசப்பட்டுள்ளன. அவளுக்கு நாளொன்றுக்கு எவ்வளவு கூலி, பக்கத்தில் நிற்கும் ஆணுக்கு எவ்வளவு, அந்த வேறுபாட்டுக்கு என்ன காரணம் சொல்லப்படுகிறது என்னும் எளிய கேள்விகள் அரிதாகவே எழுப்பப்பட்டுள்ளன. புதுமைப்பித்தனின் ‘துன்பக் கேணி’, ராஜம் கிருஷ்ணனின் ‘கரிப்பு மணிகள்’, பாமாவின் ‘சங்கதி’ ஆகிய மூன்றையும் முன்வைத்து இக்கேள்விகளை இக்கட்டுரை எழுப்ப முற்படுகிறது.

சொல் ஒன்றைப் பற்றிய குறிப்பு முதலில் தேவைப்படுகிறது. சட்டம் ‘ஊதியம்’ என்கிறது. திருக்குறளில் ஊதியம் என்பது செயலால் வரும் ஆதாயம்; ஒருவர் மற்றொருவருக்குக் கொடுப்பது அன்று. அலுவலகம் ‘சம்பளம்’ என்கிறது. அச்சொல்லைச் சம்பா நெல்லும் அளத்து உப்பும் சேர்ந்தது எனப் பிரித்துக் காட்டுவது மேடைப் பேச்சில் பெருவழக்கு. வழியுணவு எனப் பொருள்படும் வடசொல்லின் வழி வந்தது எனக் கொள்வாரும் உளர். எதுவாயினும், அளத்தில் உப்புச் சுமப்பவளுக்குக் கிடைப்பது சம்பளம் அன்று, கூலிதான். மாதத்தால் அளக்கப்படுவோருக்குச் சம்பளம், நாளால் அளக்கப்படுவோருக்குக் கூலி என்னும் வழக்கு இன்றும் மாறவில்லை. இங்கு எடுத்துக்கொள்ளப்பட்ட மூன்று படைப்புகளும் கூலியின் உலகைச் சார்ந்தவை.

54-க்கு 43

‘துன்பக் கேணி’ 1935-இல் வெளிவந்தது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போகும் மருதியின் கதை அது. தமிழில் தோட்டத் தொழிலாளர் வாழ்வைத் தொட்ட தொடக்ககாலப் படைப்புகளுள் அதற்கு உயர்ந்த இடம் உண்டு. தோட்டத்து அதிகாரம் மருதியின் உடலைக் குலைப்பதும், அவள் நோயுறுவதும், அடுத்த தலைமுறையின் மீதும் அந்நிழல் விழுவதும் புதுமைப்பித்தனுக்கே உரிய கசப்போடு சொல்லப்படுகின்றன.

அக்கதை எழுதப்பட்டபோது இலங்கையில் தோட்டக் கூலியைச் சட்டமே வரையறுத்திருந்தது. 1927-ஆம் ஆண்டின் இந்தியத் தொழிலாளர் சட்டத்தின் கீழ் 1929-இல் நடைமுறைக்கு வந்த குறைந்தபட்சக் கூலி, மலைநாட்டில் ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதம்; பெண்ணுக்கு 43 சதம்; சிறாருக்கு 32 சதம். கங்காணியின் விருப்பத்தால் வந்த வேறுபாடு அன்று இது. தொழிலாளரைக் காக்க எழுந்த சட்டமே பெண்ணை ஆணுக்கும் குழந்தைக்கும் சரிநடுவில் நிறுத்தியது: மேலே 11 சதம், கீழே 11 சதம். இலங்கைத் தோட்டங்களில் ஆண் பெண் நாட்கூலி சமமாக்கப்பட்டது 1984-இல்தான். சமமாக்கப்பட்ட பின்னரும் மனைவியின் கூலியைக் கணவன் கையொப்பமிட்டுப் பெறும் வழக்கம் பல தோட்டங்களில் தொடர்ந்தது என்பதை அத்தோட்டங்களைப் பற்றிய ஆய்வுகள் பதிவு செய்துள்ளன.

புதுமைப்பித்தனின் கதை இக்கணக்கின் மேல் நிற்கவில்லை. இதைக் குறையாகக் கூறுவதற்கில்லை. சிறுகதை அரசிதழ் அன்று. கருதவேண்டியது வேறு. மருதியின் அவலத்தைப் பாலியல் அவலமாக மட்டும் வாசிக்கும்போது, அவள் ஏன் மறுக்க இயலாத இடத்தில் இருக்கிறாள் என்னும் கேள்வி விதியின் கணக்கில் எழுதப்பட்டுவிடுகிறது. ஆணின் கூலியை விட ஐந்தில் ஒரு பங்கு குறைவாகப் பெறுபவள், ஊர் திரும்பும் கப்பல் கட்டணத்தைச் சேர்க்க ஆணைவிட நீண்ட காலம் தோட்டத்தில் இருந்தாக வேண்டும். அதிகாரியின் கை அவளை எட்டுவதற்கு அந்தக் கூடுதல் காலமே இடம் தருகிறது. பார்வையும் கூலியும் இரண்டு தனித்தனிக் கொடுமைகள் அல்ல; ஒன்று மற்றொன்றின் நிழல். இதைக் கதை சொல்லாமல் விட்டிருக்கலாம். திறனாய்வு சொல்லியிருக்க வேண்டும்.

‘ஒரே வேலை’ என்னும் சொல்

விடுதலைக்குப் பின் நிலைமை எழுத்தில் மாறியது. ஆணுக்கும் பெண்ணுக்கும் சம வேலைக்குச் சம ஊதியம் என்பதை அரசியலமைப்பின் 39-ஆம் உறுப்பு அரசின் நெறியாக அறிவித்தது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1951-இல் நிறைவேற்றிய சம ஊதிய உடன்படிக்கையை இந்தியா 1958-இல் ஏற்றது. பெண்களின் நிலையை ஆராய்ந்த நடுவண் அரசுக் குழுவின் அறிக்கை 1974-இல் வந்தது. அடுத்த ஆண்டு, பன்னாட்டு மகளிர் ஆண்டான 1975-இல், அவசரச் சட்டமாகவும் 1976-இல் முழுச் சட்டமாகவும் சம ஊதியச் சட்டம் பிறந்தது.

இச்சட்டத்தின் அச்சாணி ஒரு தொடர்: ‘ஒரே வேலை அல்லது ஒத்த தன்மையுள்ள வேலை’. திறமை, முயற்சி, பொறுப்பு ஆகியவை ஒன்றாக இருந்து, வேலைச் சூழலும் ஒத்திருந்தால் ஊதியம் சமமாக இருக்கவேண்டும். மக்கின்னன் மெக்கன்சி நிறுவனத்தின் பெண் சுருக்கெழுத்தாளர்கள் தொடர்பான வழக்கில் 1987-இல் உச்ச நீதிமன்றம் இத்தொடருக்கு விரிந்த பொருள் தந்தது. சிறுசிறு வேறுபாடுகளைக் காட்டிச் சமத்துவத்தை மறுக்கலாகாது என்றது. நிறுவனத்தின் நிதிநிலையைக் காரணம் காட்டவும் இடமில்லை என்றது. மதிப்புமிக்க தீர்ப்பு அது. ஆனால் சுருக்கெழுத்தில் ஆணும் பெண்ணும் ஒரே எழுதுகோலைப் பிடிக்கின்றனர், ஒப்பிடுவது எளிது. வயலிலும் அளத்திலும் மலைத்தோட்டத்திலும் ஒப்பீட்டுக்கே வழியில்லாதபடி வேலை முன்கூட்டியே பகுக்கப்பட்டிருக்கிறது. உழுவது ஆண், நடுவது பெண். கவாத்து வெட்டுவது ஆண், கொழுந்து கிள்ளுவது பெண். வேலையே வேறு என்றான பின் கூலி வேறாக இருப்பதில் சட்டமீறல் எங்கே?

இச்சட்டத்தின் இடத்தைப் பிடித்த 2019-ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத்தொகுப்பு 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தது. அது பழைய தொடரை அப்படியே வைத்துக்கொண்டு திறமை, முயற்சி, பொறுப்பு ஆகியவற்றோடு ‘அனுபவம்’ என்னும் நான்காவது அளவுகோலையும் சேர்த்தது. பிள்ளைப்பேற்றுக்காக வேலையை விட்டுவிட்டு மீண்டும் சேர்பவளின் அனுபவத்தை எந்த நாளிலிருந்து எண்ணுவது என்பது சொற்பொருள் ஆராய்வோரும் கவனிக்க வேண்டிய கேள்வி. புதிதாக வந்த ஒரு சொல் நடுநிலைச் சொல்லாகத் தோன்றுகிறது. ஆனால் அது கடந்து செல்லும் வாழ்க்கைகள் நடுநிலையானவை அல்ல.

அளத்தின் வேலைப் பகுப்பு

‘கரிப்பு மணிகள்’ 1979-இல், அதாவது சம ஊதியச் சட்டம் வந்த மூன்றாம் ஆண்டில் வெளிவந்தது. இந்தக் காலப் பொருத்தம் தற்செயலாக இருக்கலாம்; வாசிப்புக்கு அது உதவுகிறது. நீலகிரிப் படகர்களைப் பற்றிய ‘குறிஞ்சித்தேன்’, மீனவர்களைப் பற்றிய ‘அலைவாய்க்கரையில்’ ஆகியவற்றைப் போலவே, மக்களிடையே சென்று தங்கிக் கண்டு கேட்டு எழுதிய நாவல் இது. களம் தூத்துக்குடி உப்பளம். தாயை இழந்த பொன்னாச்சியும் அவள் தம்பி பச்சையும் பிழைப்புத் தேடி அளத்துக்கு வருகின்றனர்.

அளத்து வேலையின் அமைப்பை அறியாமல் இந்நாவலை முழுதாக வாசிக்க இயலாது. கடல்நீரோ கிணற்று உவர்நீரோ பாத்திகளில் கட்டப்பட்டு வெயிலில் காய்கிறது. உப்புப் படிந்ததும் ஆண்கள் பலகை கொண்டு அதை வாரிக் கூட்டுகின்றனர். கூட்டிய உப்பைப் பெட்டியிலும் கூடையிலும் அள்ளித் தலையில் ஏற்றி, வழுக்கும் வரப்பின் மேல் நடந்து, மேட்டில் கொட்டி அம்பாரமாக உயர்த்துபவர்கள் பெண்கள். வெயில் வெண்மையில் பட்டுத் தெறித்துக் கண்ணைக் கெடுப்பது இருவருக்கும் ஒன்று. உவர்நீர் காலைப் புண்ணாக்குவதும் ஒன்று. குடிநீருக்கு அலைவதும் ஒன்று. ஆனால் வாருவது திறமை என்றும் சுமப்பது வெறும் உழைப்பு என்றும் கூலியில் பிரிவு விழுகிறது. ஈரவுப்புக் கூடையைத் தலையில் நிறுத்தி, கை விட்டு, காலைப் பதித்து ஒரு நாள் முழுவதும் நடப்பதற்குத் திறமை தேவையில்லை என்று முடிவு செய்தவர் யார்? அந்த முடிவு எந்தச் சட்டத்திலும் எழுதப்படவில்லை. ‘பொம்பளை வேலை’ என்னும் இரண்டு சொற்களில் அது அடங்கிவிடுகிறது. வேலையின் கடுமையை அளந்து அந்தப் பெயர் வந்ததன்று. அதைச் செய்பவள் பெண் என்பதனால் பெயர் வந்தது. பெயரால் கூலி குறைந்தது.

ராஜம் கிருஷ்ணனின் பெருமை, இந்த வேலைப் பகுப்பை விளக்கவுரையாகச் சொல்லாமல் நாள்வேலையின் ஓட்டத்தில் வைத்திருப்பதில் இருக்கிறது. பொன்னாச்சியை நெருக்கும் மேலாள், அவளுக்கு வேலை தருபவனாகவும் இருக்கிறான். பெயரைப் பதிவில் ஏற்றுவதும் ஏற்றாமல் விடுவதும், கடினமான இடத்துக்கு அனுப்புவதும் அனுப்பாமல் இருப்பதும் அவன் கையில். ஆகவே அவனுடைய அத்துமீறல் கூலிக்கு வெளியே நிகழும் தனி நிகழ்ச்சி அன்று. கூலியைக் கையில் வைத்திருப்பதன் பயனாக நிகழ்வது. பணியிடப் பாலியல் துன்புறுத்தலை ஒரு குற்றவகையாக நாட்டின் நீதிமன்றம் வரையறுத்தது 1997-இல், விசாகா வழக்கில். அதற்கெனத் தனிச்சட்டம் வந்தது 2013-இல். அதற்கு முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக முன்னர் ஒரு தமிழ் நாவல் அக்குற்றத்தின் பொருளாதார அடித்தளத்தை இவ்வளவு தெளிவாகக் கண்டிருந்தது என்பது நம் நாவல் வரலாற்றில் உரிய அழுத்தத்தோடு எழுதப்படவில்லை.

அதே வேளையில் நாவலின் ஒரு தயக்கத்தையும் சுட்டவேண்டும். அளத்து மக்களின் விழிப்பை முன்னெடுப்பவனாக ராமசாமி அமைகிறான். அவன் பேச்சில் ‘தொழிலாளர்’ ஒரே உடலாக எழுகின்றனர். கோரிக்கை பொதுக்கோரிக்கையாகும்போது, வாருபவனுக்கும் சுமப்பவளுக்கும் இடையிலான வேறுபாடு அதற்குள் கரைந்துவிடுகிறது. நாவலின் முற்பகுதியில் பெண்களின் காலும் தலையும் கண்ணும் கண்ட உண்மையைப் பிற்பகுதியில் சங்கத்தின் குரல் முழுதாக ஏற்றுக்கொள்ளவில்லை. இது எழுத்தாளரின் பார்வைக் குறையா, அக்காலத் தொழிற்சங்கத்தின் குறையை அவர் உள்ளவாறு பதிந்ததா என்று அறுதியிட்டுக் கூறுவது கடினம். இரண்டாவதே பொருந்தும் எனத் தோன்றுகிறது. ஏனெனில், மூணாற்றில் அதே குறை பல ஆண்டுகளுக்குப் பின் வெளிப்படையாக வெடித்தது.

2015 செப்டம்பரில் கேரளத்தின் மூணாறு தேயிலைத் தோட்டப் பெண்கள், பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள், ‘பெண்பிளை ஒருமை’ என்ற பெயரில் சாலையில் அமர்ந்தனர். 20 விழுக்காடு ஊக்கத்தொகையும் 232 ரூபாயாக இருந்த நாட்கூலியின் உயர்வும் அவர்தம் கோரிக்கை. போராட்டத்தின் முனை நிறுவனத்தை நோக்கி மட்டும் இருக்கவில்லை. தங்கள் பெயரால் பேசிவந்த ஆண்களின் தொழிற்சங்கங்களையும் அவர்கள் விலகி நிற்கச் சொன்னார்கள். அங்கு நாட்கூலி வீதம் ஏட்டில் இரு பாலார்க்கும் ஒன்றே. ஆயினும் கொழுந்து கிள்ளும் பெண்ணின் நாள் மாலைவரை நீண்டது. ஆண்களுக்கென ஒதுக்கப்பட்ட வேலைகள் பல நண்பகலையொட்டி முடிந்துவிடுபவை. ஒரே நாட்கூலி, இரண்டு வேறு நாள்கள். போராட்டத்தின் பயனாகக் கூலி 301 ரூபாயானது. வேலைப் பகுப்பு அப்படியே நின்றது.

பாதிக் கூலி, இரட்டைத் தண்டம்

பாமாவின் ‘சங்கதி’ 1994-இல் வந்தது. ‘கரிப்பு மணிக’ளில் நிகழ்ச்சியின் அடியில் ஓடும் கணக்கு இங்கு வாய்விட்டே பேசப்படுகிறது. ஒரே வேலைக்கும் ஆண்களுக்கு ஒரு கூலி, பெண்களுக்கு ஒரு கூலி என்பதையும், ஆணுக்கு எப்போதும் கூடுதல் என்பதையும் கதைசொல்லி நேராகவே சொல்கிறாள். அதற்குக் காரணம் புரியவில்லை என்கிறாள். அந்தப் புரியாமை அறியாமை அன்று. காரணம் எதுவும் இல்லை என்பதைச் சொல்லும் வழி அது.

இப்படைப்பில் திறனாய்வாளர் பலரும் எடுத்துப் பேசிய பகுதி மாரியம்மாவின் கதை. நிலவுடைமையாளர் ஒருவரின் வன்முறையிலிருந்து தப்பி ஓடிவருகிறாள் மாரியம்மா. தம் பெயர் கெடுமென்று அஞ்சிய அவர், முந்திக்கொண்டு ஊர்த் தலைவரிடம் அவள்மீதே பழி சுமத்துகிறார். மாணிக்கம் என்னும் இளைஞனோடு அவளைத் தொடர்புபடுத்துகிறார். ஊர்க்கூட்டம் கூடுகிறது. பெண்களின் பேச்சு எடுபடவில்லை. மாரியம்மாவுக்கு 200 ரூபாய் தண்டம், மாணிக்கத்துக்கு 100.

இப்பகுதி சாதி ஆதிக்கத்தின் சான்றாகவும் பாலியல் வன்முறையின் சான்றாகவும் மிகுதியாக விளக்கப்பட்டிருக்கிறது. இரண்டும் சரியே. ஆனால் அந்த இரண்டு எண்களைக் கூலியோடு சேர்த்து வாசித்தவர் அரியர். சுமத்தப்பட்ட குற்றம் இருவருக்கும் ஒன்று. கூலியில் வேலை வேறு என்று காரணம் சொல்லலாம். இங்கு அதற்கும் இடமில்லை. அப்படியிருந்தும் தண்டம் ஒன்றுக்கு இரண்டு. கூலி குறைவாகப் பெறுபவள் தண்டத்தை இருமடங்காகக் கட்டவேண்டும். மாணிக்கத்தின் கூலியில் பாதி அவளுக்குக் கிடைக்கிறது என்று கொண்டால், அவன் ஒரு நாள் உழைத்துக் கட்டும் தொகைக்கு ஈடாக அவள் நான்கு நாள் உழைக்க வேண்டும். கூலியும் தண்டமும் ஒரே தராசில் நிறுக்கப்படுவதில்லை என்பதைப் பாமா ஒரு வரியும் விளக்காமல் இரண்டு எண்களால் காட்டிவிடுகிறார். தொழிலிடத்தில் பெண்ணின் மதிப்பு தாழ்கிறது. ஊர் மன்றத்தில் அவளுடைய பொறுப்பு உயர்கிறது. ‘திறமை, முயற்சி, பொறுப்பு’ என்னும் சட்டத்தின் மூன்று அளவுகோல்களில் பொறுப்பு மட்டும் அவளுக்கு இரட்டிப்பாகிறது, கூலி கொடுக்குமிடத்தில் அன்றித் தண்டம் வாங்குமிடத்தில்.

‘சங்கதி’ வீட்டுக்குள்ளும் கணக்கைக் கொண்டுசெல்கிறது. ஆண் ஈட்டுவது அவன் விருப்பத்துக்குச் செலவாகிறது. பெண் ஈட்டுவது அடுப்புக்கும் பிள்ளைக்கும் போகிறது. இருவர் கையிலும் உள்ள ரூபாய் ஒரே ரூபாய் அன்று. கூலி வேறுபாட்டைப் பற்றிய புள்ளிவிவரங்கள் இதைக் காட்டுவதில்லை. அவை கையில் வந்த தொகையை ஒப்பிடுகின்றன. கையை விட்டுப் போகும் வழியை ஒப்பிடுவதில்லை.

மைக்கண்ணியின் கதை இன்னும் நுட்பமானது. தாய் பிள்ளை பெற்றுப் படுத்திருக்கும்போது சிறுமியான மைக்கண்ணி தீப்பெட்டி ஆலைக்குப் போய்ச் சம்பாதிக்கிறாள். தாய் எழுந்து வேலைக்குப் போகத் தொடங்கியதும் மைக்கண்ணி வீட்டிலிருந்து கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்கிறாள். மகப்பேற்று நலச் சட்டம் 1961-இல் வந்தது. 2017-இல் விடுப்பு 26 வாரமாக உயர்ந்தது. மைக்கண்ணியின் தாய்க்கு அந்தச் சட்டம் எட்டவில்லை. அவளுக்குக் கிடைத்த மகப்பேற்று விடுப்பு, மைக்கண்ணியின் குழந்தைப்பருவம். அந்த விடுப்புக்கான ஊதியத்தைத் தருவது முதலாளியும் அன்று, அரசும் அன்று. ஆலையில் குச்சி அடுக்கும் மகள். 1929-இன் இலங்கைக் கூலிப் பட்டியலில் ஆண், பெண், சிறார் என்று கீழிறங்கிய படிகளை இங்கே நினைத்துப் பார்க்கலாம். பெண்ணின் படி காலியாகும்போது சிறுமி அதில் ஏறி நிற்கிறாள், தன் படியின் கூலிக்கே.

பாமாவின் மொழி பற்றியும் ஒரு சொல். ‘சங்கதி’யின் பேச்சுத்தமிழைக் கலகமொழி என்று பாராட்டுவது வழக்கமாகிவிட்டது. பாராட்டு தகும். ஆயினும் அம்மொழியின் முதற்பணி கலகம் அன்று, கணக்குச் சொல்வது. யார் எவ்வளவு கொண்டுவந்தார், எதற்குச் செலவானது, யாரிடம் கடன், யாருக்கு அடி என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போகும் பெண்களின் பேச்சில் ஒரு பேரேட்டின் ஒழுங்கு இருக்கிறது.

ஆவணமும் கலையும்

கூலிக் கேள்வி நாவலுக்குள் வந்தும் வழிதவறிப் போவது உண்டு. 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டனர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். பின்னணியில் இருந்தது நெற்கூலி உயர்வுக் கோரிக்கை. இந்நிகழ்ச்சியை ஒட்டி எழுந்த இந்திரா பார்த்தசாரதியின் ‘குருதிப்புனல்’ 1975-இல் வந்து, 1977-இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்றது. நிலக்கிழாரின் ஆண்மைக் குறைவை அந்நாவல் கொடுமையின் ஊற்றாகக் கொண்டதைப் பற்றிய விவாதம் பழையது. இங்கு விரிக்கத் தேவையில்லை. பெண் உழைப்பின் கோணத்திலிருந்து ஒன்று மட்டும் சொல்லலாம். கூலி கேட்டவர்களின் வீட்டுப் பெண்கள் எரிந்தனர். நாவலோ எரித்தவனின் உடற்குறையை ஆராய்ந்தது. நடவுக்கும் களையெடுப்புக்கும் இறங்கிய பெண்ணுக்கு எத்தனை படி நெல் என்ற கேள்வி அந்த ஆராய்ச்சியில் இடம்பெறவில்லை.

இதற்கு நேர்மாறாக, எத்தனை படி, எவ்வளவு கூலி என்று கேட்டறிந்து எழுதிய ராஜம் கிருஷ்ணனுக்குத் திறனாய்வு தந்த மதிப்பு எத்தகையது? அவருடைய உழைப்பு எப்போதும் பாராட்டப்பட்டது. அவருடைய நாவல்கள் தகவல் செறிந்தவை, களஆய்வு நாவல்கள், சமூக ஆவணங்கள் எனப்பட்டன. பாராட்டின் அடுத்த தொடரிலேயே, கலையாக அவை கனியவில்லை என்னும் முடிவும் வந்தது. ‘சேற்றில் மனிதர்க’ளுக்கும் ‘கரிப்பு மணிக’ளுக்கும் பாடத்திட்டங்களில் வட்டார நாவல், பெண்ணியம் என்னும் தலைப்புகளின் கீழ் இடம் கிடைக்கிறது, நாவலின் வடிவம் பற்றிப் பேசும் தாள்களில் அவை பெரும்பாலும் காணப்படுவதில்லை. அவற்றில் உரையாடல் சில இடங்களில் கருத்துரையாக இறுகுவதும் பின்பகுதிகள் விரைவதும் உண்மையே. ஆனால் இக்குறைகள் உள்ள ஆண் எழுத்தாளர்களின் நாவல்கள் வடிவ ஆய்வுக்கு உரியனவாகக் கொள்ளப்பட்டே வந்துள்ளன.

இவ்விடத்தில் அளத்தின் வேலைப் பகுப்பைத் திறனாய்வின் மேலும் வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. கற்பனையால் கூட்டுவது கலைத்திறன். களத்திலிருந்து சுமந்து வருவது உழைப்பு. முன்னதற்குப் ‘படைப்பு’ என்று பெயர். பின்னதற்கு ‘ஆவணம்’ என்று பெயர். உப்பளத்துக்குச் சென்று, பெண்கள் தயங்கிச் சொன்னதைக் கேட்டு, அவர்கள் வாய்ச்சொல்லைப் பிடித்து, வேலையின் வரிசையைப் பிசகாமல் வைத்து, அதைக் கதையின் ஓட்டமாக மாற்றுவதற்குத் திறமை தேவையில்லை என்று முடிவு செய்தவர் யார் என்ற கேள்வி இங்கும் நிற்கிறது. ‘தகவல்’ எனப்பட்ட பகுதிகளே ‘கரிப்பு மணிக’ளின் வடிவம். வாருதலும் சுமத்தலும் கொட்டுதலும் மீண்டும் மீண்டும் வரும் அந்நடை, நாட்கூலியின் காலத்தையே நாவலின் காலமாக்குகிறது. முறையான உயர்கல்வி பெறாத ஒரு பெண் எழுத்தாளர் கண்டடைந்த வடிவம் அது. வடிவமாகவே அதை ஆராயும் ஆய்வேடுகள் இனித்தான் வரவேண்டும்.

1973-இல் ‘வேருக்கு நீர்’ நாவலுக்காகச் சாகித்திய அகாதெமி பரிசு பெற்ற ராஜம் கிருஷ்ணன், கணவரின் மறைவுக்குப் பின் முதுமையில் ஆதரவற்று, சென்னையில் முதியோர் இல்லத்தில் வாழ நேர்ந்தது. அவருடைய நூல்களைத் தமிழக அரசு 2009-இல், அவர் வாழ்ந்த காலத்திலேயே, நாட்டுடைமையாக்கியது. எழுத்தாளர் மறைந்த பின் குடும்பத்தாருக்குப் பரிவுத்தொகை தந்து நூல்களை நாட்டுடைமையாக்குவதே பெருவழக்கு. உப்பளத்துப் பெண்களின் கூலியை எழுதியவருக்கு, அவர் எழுதியதன் கூலி அந்த வழியில்தான் கைக்கு வந்தது. 2014 அக்டோபரில் அவர் மறைந்தார்.